மெல்லிய லப்டொப் வாங்கமுன் ஒப்பிடுகையில் விடும் பிழைகள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்குகிற கம்பஸ் பிள்ளைகளின் தாளில் பெரும்பாலும் நாலே வரிதான்: விலை, எடை, ‘ஐ5’, ‘8 ஜிபி’. நிறம், இலவச பை, மவுஸ் பற்றி இங்கே பேச்சில்லை. காசைத் தின்னும் பிழைகள் வேறு.

ரேமைப் பிறகு கூட்டலாம் என்று நம்புவது

இதுதான் மிகவும் எரிச்சல் தருகிற பிழை, ஏனென்றால் திருத்தவே முடியாது. மெல்லிய லப்டொப் பலவற்றில் ரேம் (தாளில் ‘8 ஜிபி’ என்று எழுதிய தற்காலிக நினைவகம்) தனித் துண்டாக இருப்பதில்லை. மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். “கூட்டலாமா?” என்று கேட்டால் கடையில் “ஓம், கூட்டலாம்” என்பார்கள். அதே வரிசையின் 15 அங்குல மாடலுக்கு அது சரியாக இருக்கும், கையிலுள்ள 13 அங்குலத்துக்கு இராது. இரண்டாம் வருடத்தில் அப் செய்யும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், திரையிலேயே போனைப்போல ஓடும் எமுலேட்டரும் திறந்ததும் மெஷின் திணறும். திருத்துபவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டுவார்: ரேம் செருகும் ஸ்லொட்டே இல்லை. மிச்சமிருப்பது மதர்போர்டை மாற்றுவது. அந்தக் காசுக்கு வேறு மெஷின் தேடலாம்.

வாங்கமுன் கடையிலேயே பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைத் தெரிவு செய்யுங்கள். ‘ஃபோர்ம் ஃபக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஒஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ஒட்டிய ரேம்; ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றலாம். பக்கத்திலுள்ள ஸ்லொட் எண்ணிக்கையை நம்பவேண்டாம், ஒட்டிய சிப்புகளையும் அது ஸ்லொட்டாகக் காட்டும். பாதி ஒட்டியும் பாதி ஸ்லொட்டிலும் வரும் மாடல்களும் உண்டு.

கிராபிக்சும் இதே 8 ஜிபியில் பங்கு கேட்கும். ஆகவே 16 ஜிபிக்குக் கீழே இறங்கவேண்டாம். காசு போதாவிட்டால் எஸ்எஸ்டியை, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் இடத்தை, குறையுங்கள். விண்டோஸ் லப்டொப் பெரும்பாலானவற்றில் அதைப் பிறகு மாற்றலாம். மக்புக் எயாரில் ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் மாற்ற முடியாது. 2024 ஒக்டோபருக்கு முன் அதன் அடிப்படை மாடல் 8 ஜிபியோடுதான் வந்தது, ‘நல்ல விலை’ என்று வருவது பல நேரம் அதுதான்.

புரொசெசரின் மூன்றாவது இலக்கத்தை விடுவது

ஏஎம்டியின் ரைசன் 5 புரொசெசர்களில் 7520யு, 7530யு, 7540யு மூன்றும் ஒரே குடும்பம்போலத் தெரியும். மூன்றாவது இலக்கம்தான் ‘சென்’ எனும் உள் வடிவமைப்பின் தலைமுறையைக் காட்டும். முதலாவது சென் 2, அடுத்தது சென் 3, கடைசி சென் 4. சென் 2 என்பது 2019இல் வந்த வடிவமைப்பு. 7520யு இருக்கும் மெஷினில் ரேமும் ஒட்டியதுதான்.

பற்றரியை மணித்தியாலத்தில் ஒப்பிடுவது

பெட்டியில் எழுதிய மணித்தியாலம் பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில் வீடியோ ஓட்டி எடுத்தது. பற்றரியின் கொள்ளளவு எத்தனை ‘வோட் அவர்’ (Wh) என்று கேளுங்கள். சாதாரண வேலைக்கு 7 வோட் என்று வைத்து வகுத்தால் 42 வோட் அவர் 6 மணித்தியாலம், 56 என்றால் 8.

சார்ஜரை நிறுக்காதது

1.2 கிலோ மெஷினோடு 300 கிராம் சார்ஜரும் பஸ்ஸில் வரும்.

250 நிட்ஸ் திரை

நிட்ஸ் என்பது திரையின் வெளிச்ச அளவு. 250 என்றால் பகலில் யன்னலோரம் எழுத்து மங்கும். 300க்கு மேல் எடுங்கள்.

பில்லில் மாடல் பெயர் மட்டும்

ஒரே பெயரில் 8 ஜிபியும் 16 ஜிபியும், வேறு வேறு திரைகளும் வரும். மெஷினின் அடியில் ஒட்டியுள்ள முழு மாடல் குறியீட்டையும் சீரியல் இலக்கத்தையும், வொரண்டி உள்ளூர் முகவருடையதா கடையுடையதா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.