புதுத் தளத்தில் கல் ஆடுகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தளக்கல் வேலை பழகும் இரண்டு பையன்கள் ஆடுகிற ஒரு கல்லின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கல்லின் ஒரு பக்கத்தை மிதித்து இடுக்கைத் திறந்து பிடிக்க, இன்னொருவன் அதில் சிமெண்ட் பாலை, அதாவது தண்ணீராகக் கரைத்த சிமெண்டை, ஊற்றினான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்ததும் இதேதான்.

ரசமட்டம் வைக்க மறப்பது, நூல் கட்டாமல் கல் பதிப்பது இதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆடும் கல்லைச் சரிசெய்யப் போய் வேலையை இரட்டிப்பாக்கிக்கொள்வது எப்படி நடக்கிறது என்பதுதான் விஷயம்.

இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றுவது

இந்த ஒரு தவறை மட்டும் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. காரணம், ஊற்றிய மறுநாள் கல் ஆடாது. மிதித்துப் பார்த்து, சரி, முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

உள்ளே நடப்பது வேறு. ஊற்றிய பால் கல்லுக்கடியில் முழுக்கப் பரவாது. ஓரமாக நாலு விரற்கடை இறங்கி, அங்கேயே மெல்லிய தகடாக இறுகிவிடும். தண்ணீர் அதிகமான சிமெண்டுக்கு வலு கிடையாது. காயும்போது சுருங்கி விரிசலும் விடும். அந்த இடைவெளியில் ஏற்கெனவே தூசி சேர்ந்திருப்பதால் பிடிப்பும் இருக்காது. கல்லின் நடுப்பகுதி அப்போதும் அந்தரத்தில்தான் நிற்கிறது. முன்பு தனியாக ஆடிய கல் இப்போது இடுக்கு வழியாகப் பக்கத்துக் கற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் வைக்கும் ஒவ்வொரு அடியும் நன்றாக இருந்த பக்கத்துக் கல்லையும் சேர்த்து நெம்பும்.

நான் அப்படி மூடிய தளத்தில் முதலில் ஆடியவை 3 கற்கள். மழைக்காலம் முடிவதற்குள் 11 ஆயிற்று. எடுக்கப் போனால் இறுகிய பால் கற்களைச் சோடி சோடியாகப் பிடித்து வைத்திருந்தது. கடப்பாரையால் நெம்பியதும் ஒரு நல்ல கல்லின் விளிம்பு சில்லாகத் தெறித்தது. அதே நிறத்தில் அந்தக் கல் மறுபடி கிடைக்கவில்லை. அரை நாளில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு வாரம் போயிற்று. வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் கல்லைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அடிப்பக்கம் கலவை துளியும் ஒட்டாமல், கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. கீழே கலவையிலோ, கல்லை அறுத்த ரம்பத்தின் கோடுகள் ஒவ்வொன்றும் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தன. கல் கலவையில் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில்கூடப் பிடிக்கவில்லை. கல்லின் அடியில் அறுத்த தூள் ஒட்டியிருந்ததைக் கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சுத்தமாக வந்தால் பிடிப்பு இல்லை என்று பொருள். கல்லைக் கழுவி, ஒட்டும் திறனைக் கூட்டும் பாலிமர் கலந்த சிமெண்டுக் குழம்பைப் பின்பக்கம் முழுக்க 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, அது காய்வதற்குள் புதுக் கலவையில் வைக்க வேண்டும். கிரானைட், போர்சலின் மாதிரி தண்ணீரை அதிகம் உறிஞ்சாத கற்களுக்கு இந்தப் பூச்சு இல்லாமல் பிடிப்பு வராது.

நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வோர் உருண்டை கலவை வைத்துக் கல்லை அமுக்கியிருந்தால் அதுவும் எடுத்தவுடன் தெரியும். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்துச் செய்வது. உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும். தாங்கல் இல்லாத இடத்தில் கனமான நாற்காலிக் கால் ஒன்று அழுந்தினால் கல்லே உடையும். கல்லுக்கு அடி முழுக்கக் கலவை இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, கலவையைக் கட்டைவிரலால் தேய்த்தால் மணலாக உதிர்வது. சிமெண்ட் குறைந்திருக்கும், இல்லையென்றால் வெயிலில் சீக்கிரம் காய்ந்திருக்கும். அப்படியானால் ஒரு கல்லோடு போகாது.

ஆடிய கல்லோடு நிறுத்திக்கொள்வது

ஒரு கல் ஆடினால் தளம் முழுவதையும் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். அடி நிறைந்த கல் ‘நங்’கென்று அழுத்தமாகக் கேட்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் ‘டொப்’பென்று பானையைத் தட்டுவதுபோல் இருக்கும். சந்தேகப்படும் கல்லில் சாக்குக்கட்டியால் குறி போட்டுவிட்டு, கடைசியில் எட்ட நின்று பாருங்கள். குறிகள் பெரும்பாலும் சிதறிக் கிடக்காது, ஒரே வரிசையில் சேர்ந்து நிற்கும். அது ஒரே தட்டுக் கலவை, பாதி இறுகிய பிறகு வீணாக்க மனமில்லாமல் போட்டது. எடுப்பதென்றால் அந்த வரிசையையே எடுங்கள்.

பழைய கலவைமேல் புதுக் கலவை

கல்லை எடுத்தாயிற்று, கீழே மேடு பள்ளமாகப் பழைய கலவை. அதன்மேலேயே ஒரு கரண்டி பூசிக் கல்லை வைத்துவிடத் தோன்றும். இடம் இல்லாததால் புதுக் கலவை மெல்லிய படலமாகிவிடும், கல்லும் பக்கத்துக் கல்லைவிடத் தூக்கலாக நிற்கும். அடித்து இறக்கினால் மறுபடி பிடிப்பு போகும்.

முதலில் சுற்றியுள்ள இடுக்குகளை அறுத்துவிடுங்கள், அப்போதுதான் பக்கத்துக் கல்லுக்குச் சேதம் வராது. உளியை நல்ல கல்லுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துப் பிடித்து, புதுக் கலவைக்கு 3, 4 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும்வரை பழையதைச் செதுக்கி எடுங்கள். கல்லின் முதுகில் ஒட்டியிருப்பதையும் எடுங்கள். தூசியைப் பெருக்கி, தரையை ஈரமாக்கி, 1 பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல் கலவையைப் பரப்புங்கள். கல்லைச் சற்று உயரமாக வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இறுகிய கலவைக்குத் தண்ணீர் விட்டுப் பிசைவது

அந்தக் கலவையை வெளியே கொட்டிவிடுங்கள்.

வைத்த கல்லை அப்புறம் அசைப்பது

2 மணி நேரம் கழித்து ஒரு மூலை தூக்கியிருப்பது கண்ணில் பட்டால் தட்டி அமுக்காதீர்கள். எடுத்து, புதுக் கலவையில் முதலிலிருந்து வையுங்கள்.

அன்றைக்கே மிதிப்பது

2 நாள் யாரும் நடக்கக் கூடாது. இடுக்கு நிரப்புவதும் அதற்கு அப்புறம்தான்.

மண் இறங்கியதற்குக் கல்லைக் குறை சொல்வது

நாலைந்து கற்கள் சேர்ந்தாற்போல் குழிவாக இறங்கியிருந்தால், அதுவும் சுவரை ஒட்டியோ குழாய் புதைத்த இடத்திலோ இறங்கியிருந்தால், கலவையில் குறை இருக்காது. தோண்டி மூடிய மண்ணைத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே எத்தனை முறை கல்லை மாற்றி வைத்தாலும் இறங்கத்தான் செய்யும். தளர்ந்த மண்ணை எடுத்து, 10 முதல் 15 சென்டிமீட்டர் ஜல்லி போட்டு, ஒரே தடவையாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காக இறுக்குங்கள். தண்ணீர் வடிவதற்கான சரிவை, அதாவது வாட்டத்தையும், அப்போதே பார்த்துவிடுங்கள்: 80 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர், வீட்டைவிட்டு வெளிப்புறமாக.

மணல்மேல் பதித்த கல்லுக்குச் சிமெண்ட் பூசுவது

சிமெண்ட் வேண்டாம். தளத்தின் விளிம்பில் பதித்த ஓரக்கல்லைப் பாருங்கள். அது விலகியிருந்தால் உள்ளே உள்ள எல்லாக் கல்லும் தளரும். ஓரத்தைக் கட்டி, இடுக்கில் காய்ந்த மணலைப் பெருக்கி நிரப்பினால் போதும்.

மொட்டை மாடியிலும் இதே மாதிரி செதுக்குவது

மேலே சொன்னதெல்லாம் மண்மேல் போட்ட தளத்துக்கு. மாடியில் கலவைக்குக் கீழே நீர்க்கசிவைத் தடுக்கும் படலம் இருக்கலாம். உளி ஒரு முறை அதைத் தொட்டால் கீழ் அறையின் கூரையில் தண்ணீர் இறங்கும். படலம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தளம் போட்டவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உளியை எடுக்காதீர்கள்.