ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக்: சென்னைச் சமையலறையில் சறுக்கும் இடங்கள்

முதன்முதலில் நான் ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக் செய்யத் துணிந்தது ஒரு மே மாதத்தில். வேறு தவறே செய்யாவிட்டாலும் அது ஒன்றே போதும். அக்னி நட்சத்திரம், பக்கத்து அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, அடுப்பு அணைந்துவிடும் என்று ஃபேனும் போடவில்லை. வெண்ணெயை நறுக்கி மைதாவில் போட்டுவிட்டு பேக்கிங் பவுடர் டப்பாவைத் தேடி எடுப்பதற்குள் அது பாதி நெய்யாகிவிட்டது. ஓடிஜி என்கிற மின்சார பேக்கிங் அடுப்பிலிருந்து வெளியே வந்தவை, அடியில் எண்ணெய் கசிந்த ஆறு வறட்டிகள்.

பெயரில் கேக் இருப்பதால்தான் பாதிக் குழப்பம். ஜப்பானில் இதே பெயரில் செய்வது ஸ்பாஞ்ச் கேக், அது வேறு. அமெரிக்க வீடுகளில் செய்யும் ஷார்ட்கேக் உப்பலான, உதிரும் பன் மாதிரி இருக்கும். அதை இரண்டாகப் பிளந்து, சர்க்கரையில் ஊறிய பழமும் அடித்த கிரீமும் வைப்பார்கள். மைதா பிஸ்கட்டுக்கு, சில வீடுகளில் கலகலா என்பார்களே, அதற்கு மாவில் நெய்யைப் பிசறுவோம் அல்லவா? வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிரத்தானே அது? ‘ஷார்ட்’ என்பதும் அந்த உதிரும் தன்மைதான். முட்டை சேர்க்கத் தேவையில்லை என்பதால் பக்கத்து வீட்டு மாமிக்கும் தைரியமாகக் கொடுக்கலாம்.

நான் எடுக்கும் அளவு: மைதா 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, குளிர்ந்த பால் 130 மில்லி அளவுக்கு. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

சரி, வெண்ணெய்க்கு வருவோம், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது 30 டிகிரியைத் தாண்டினாலே தளர்ந்து, 35-ஐ நெருங்குவதற்குள் உருகிவிடும். சித்திரை, வைகாசியில் நம் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. வெண்ணெய் சின்னச் சின்னத் துண்டாக, கெட்டியாகவே ஓடிஜிக்குள் போக வேண்டும். உள்ளே போனபின் அது உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கும். அப்போதுதான் அடுக்கு வரும். முன்பே உருகிவிட்டால் மாவு எண்ணெயைக் குடித்துவிட்டு எழாமல் படுத்துவிடும். அதனால் வெண்ணெயைத் துண்டு போட்டு 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். மைதாவையும் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயில் காலமென்றால் வெட்கப்படாமல் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஏசி அறைக்குப் போய்விடுங்கள். நான் கட்டிலில் பேப்பர் விரித்துச் செய்திருக்கிறேன். உள்ளங்கை படக்கூடாது, அங்கேதான் சூடு. விரல் நுனியால் புட்டு மாவு பிசறுகிற மாதிரி பிசறி, அங்கங்கே பட்டாணி அளவில் வெண்ணெய் தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். நடுவில் பிசுபிசுக்க ஆரம்பித்தால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரீசருக்கு.

அடுத்தது, சப்பாத்திக் கை. மாவைக் கண்டால் நமக்குப் பிசையத்தான் வரும். பிசையப் பிசைய மைதாவில் குளூட்டன் என்கிற புரதம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும். பரோட்டாவுக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம். பாலை ஊற்றி முள்கரண்டியால் கிளறி, உதிரியாக இருப்பது ஒன்றோடொன்று ஒட்டியதும் பலகையில் கொட்டி, ஒரு அங்குல உயரத்துக்குக் கையால் தட்டி, இரண்டு மூன்று முறை மடித்துத் தட்டினால் போதும். பார்க்கத் திட்டுத்திட்டாக, அவலட்சணமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அமெரிக்கக் குறிப்புகளில் பாலுக்குப் பதில் ‘பட்டர்மில்க்’ என்று போட்டிருந்தால் நம் ஊர் மோரை எடுத்து ஊற்றாதீர்கள். அவர்கள் சொல்வது கெட்டியானது. நம்முடையதை ஊற்றினால் மாவு தோசைக்குத் தயாராகிவிடும். கெட்டித் தயிரில் கொஞ்சம் பால் விட்டுத் தளர்த்தினால் கிட்டத்தட்ட அதே பதம் வரும். பேக்கிங் பவுடர் இல்லையென்று ஆப்ப சோடாவை அதே அளவு போடுவதும் வேண்டாம், சோப்பு வாடை அடிக்கும். இந்தக் கடற்கரை ஈரத்தில் திறந்த பேக்கிங் பவுடர் டப்பா சீக்கிரம் வீரியம் இழக்கும். அரைக் கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்காவிட்டால் புதுசு வாங்குங்கள்.

வட்டமாக வெட்ட எவர்சில்வர் டம்ளரை எடுப்போம். அதன் மடித்த விளிம்பு மாவின் ஓரத்தை அமுக்கி ஒட்டிவிடும், திருகினால் இன்னும் மோசம், அப்புறம் அது எழும்பாது. கூரான கத்தியால் நேராக அழுத்திச் சதுரமாக வெட்டினால் வேலையும் மிச்சம், மாவும் மிச்சமாகாது. ஓடிஜியை 200 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, 15 முதல் 18 நிமிடம்.

பழத்துக்கு மார்கழியும் தையும்தான் காலம். மகாபலேஷ்வர் பழம் பெட்டி பெட்டியாக வரும் சமயம், சமையலறையும் கொஞ்சம் மனிதர்கள் நிற்கிற மாதிரி இருக்கும். பெட்டியின் மேல்தட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்; அடியில் சிவப்பு நீர் கோத்திருந்தால் கீழ்வரிசை நசுங்கிவிட்டது. காம்போரம் வெள்ளையாக இருப்பதையும் விட்டுவிடுங்கள். வாழைப்பழம் போல வீட்டில் வைத்துப் பழுக்காது, பறித்தபோது எப்படியோ அப்படித்தான். காம்பை நறுக்கும் முன்பே கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். அரைக்கிலோ பழத்துக்கு 3 மேசைக்கரண்டி சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சை, ஒரு மணி நேரம். அதிலேயே சாறு விட்டு நிற்கும். ராத்திரியே ஊறவைத்தால் காலையில் ஜாம் போலக் குழைந்திருக்கும்.

கிரீமில்தான் நிறையப் பேர் அழுவார்கள். கடையில் பாக்கெட்டில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் கொழுப்பு. எவ்வளவு அடித்தாலும் நிற்காது. குறைந்தது 30, முடிந்தால் 35 சதவீதம் உள்ள விப்பிங் கிரீமாகப் பார்த்து வாங்கி, பாத்திரத்தையும் பீட்டரையும் குளிரவைத்து, அடியில் ஐஸ் தண்ணீர்க் கிண்ணம் வைத்து அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும்போது நிறுத்த வேண்டும். இன்னும் அரை நிமிடம் என்று ஆசைப்பட்டால் திரிதிரியாகப் பிரிந்துவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெய் திரண்டு வருவதே விபத்து.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பே அடுக்கி வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போகாதீர்கள். பத்து நிமிடத்தில் கிரீம் வழிந்து, அடிப் பாகம் ஊறி, ரசத்தில் விழுந்த வடை மாதிரி ஆகிவிடும். மூன்றையும் தனித்தனியாக வைத்திருந்து, தட்டு கைக்குப் போகும் நேரத்தில் பிளந்து அடுக்குங்கள். மிஞ்சினால் ஷார்ட்கேக்கை மட்டும் டப்பாவில் போட்டு மறுநாள் ஓடிஜியில் ஐந்து நிமிடம் சூடாக்கிக்கொள்ளலாம். பழச்சாறும் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும், காலையில் பாலில் ஊற்றிக் குடிக்கக் குழந்தைகள் போட்டி போடுவார்கள்.