மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மீட்டர்: கரண்ட் சார்ஜ் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் வடசேரி, பார்வதிபுரம், வெட்டூர்ணிமடம் பக்கம் கீழே வீட்டுக்காரர், மாடியில் வாடகைக்காரர் என்றிருக்கும் வீடுகள் ஏராளம். தக்கலை, மார்த்தாண்டத்திலும் அப்படித்தான். வாடகையையும் அட்வான்ஸையும் முதல் நாளே பேசி முடித்துவிடுகிறார்கள். கரண்ட் சார்ஜை மட்டும் "வரட்டும், பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சண்டை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெரிய தவறு, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வந்த விலையில் வாடகைக்காரரிடம் வாங்குவது. பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் நம் மின்கட்டணம் ஒரே விலையில் ஏறுவதில்லை. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் இந்த மலிவுப் படி காணாமல் போய்விடும். 101-வது யூனிட்டிலிருந்தே மேல்படி விலை. 500-க்கு மேல் ஓடுவதற்கு யூனிட் 8 ரூபாயைத் தாண்டும்.

ஓர் உதாரணம். வீட்டுக்காரர் 480 யூனிட், மாடியில் 120 யூனிட் (மாடி ஓட்டத்தை மட்டும் காட்டும் சப் மீட்டரில் பார்த்தது), ஒரே இணைப்பு. மொத்தம் 600 யூனிட்டுக்கு பில் 2,900 ரூபாயை ஒட்டி வரும். சராசரி போட்டால் மாடிக்காரர் தலையில் 580 ரூபாய். தனி இணைப்பு இருந்திருந்தால் அவர் கட்ட வேண்டியது 50 ரூபாய்கூட இல்லை. வீட்டுக்காரருக்கும் 1,700 ரூபாயோடு முடிந்திருக்கும். ஆக, ஒரே மீட்டரில் இருப்பதாலேயே சுமார் 1,150 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

தனி சமையலறை, தனி வாசல் இருக்கிற மாடிக்குத் தனி இணைப்பு வாங்குவதே சரியான தீர்வு. அது வரைக்கும் இப்படிப் பிரியுங்கள்: தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். மிச்சமுள்ள கூடுதல் தொகையை யூனிட் விகிதத்தில் பங்கிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் 1,150-இல் ஐந்தில் ஒரு பங்கு, 230 ரூபாய், மாடிக்கு. ஐம்பதோடு சேர்த்து 280. மீதி 2,620 வீட்டுக்காரருக்கு. "யூனிட் பத்து ரூபாய்" என்று மொட்டையாக வாங்குவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

அடுத்தது கிணற்று மோட்டார். நம் ஊரில் பெரும்பாலான காம்பவுண்டுக்குள் கிணறோ போரோ இருக்கும். மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். மூன்று குடும்பத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒருவர் மீட்டரில் இருந்தால், அவருடைய இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் மோட்டாருக்கே போய்விடுகிறது. மோட்டாருக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் மாட்டி, அந்த யூனிட்டை ஆள் எண்ணிக்கைப்படி பிரிக்க வேண்டும். வீட்டு எண்ணிக்கைப்படி பிரித்தால் இருவர் உள்ள வீடு ஆறு பேர் உள்ள வீட்டுக்கும் சேர்த்துக் கட்டும்.

சப் மீட்டர் மாட்டிவிட்டதாலேயே ரீடிங் சரி என்று நம்பிவிடக் கூடாது. பழைய வயரிங்கில் மாடி நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கீழ்வீட்டு நியூட்ரலும் எங்கோ ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அப்போது சில மீட்டர்கள் தப்பாக ஓடும். மாடி மெயினை அணைத்துவிட்டு, கீழே ஃபேன், லைட் எல்லாம் போட்டுப் பாருங்கள். சப் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுங்கக் கூடாது. பிறகு மாடியில் எல்லாவற்றையும் அணைத்து, 1000 வாட் வாட்டர் ஹீட்டரை மட்டும் தண்ணீருக்குள் வைத்து ஆறு நிமிடம் ஓட விடுங்கள். ரீடிங் 0.1 யூனிட்டை ஒட்டி ஏற வேண்டும்; வோல்டேஜ் குறைந்தால் சற்றுக் குறையும். அயர்ன் பாக்ஸ் இதற்கு ஆகாது, சூடேறியதும் தானே அணைந்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் மீட்டர் டெர்மினல் துருப்பிடிக்கும். லூஸ் ஆகிச் சூடேறினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனிடம் காட்டி முடுக்கிவிட வேண்டும்.

குடியேறும் நாளில் ரீடிங் எடுக்காமல் சாவி வாங்குவதும் தவறு. மீட்டர் எண்ணும் ரீடிங்கும் தெரிகிற மாதிரி படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கி இருக்கிறதா என்றும் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாக்கி முன்பு குடியிருந்தவருடையது என்றாலும், ஃபியூஸ் பிடுங்கப்படும்போது இருட்டில் இருப்பது நீங்கள்தான்.

வீட்டு இணைப்பிலிருந்து முன்னறைக் கடைக்கு வயர் இழுப்பது வீட்டுக்காரருக்கே வினை. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு போட இடமுண்டு. அந்த இடத்தில் இருப்பவருக்கோ அதன் பொறுப்பில் இருப்பவருக்கோ நோட்டீஸ் வரும்.

பழுதுச் செலவுக்குப் பெரிய வாக்குவாதமே வேண்டாம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது: வயரிங், குழாய் லைன் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு, டேப், வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட் வாடகைக்காரர் பொறுப்பு. செப்டிக் டேங்க் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

பாக்கி எவ்வளவு இருந்தாலும் வீட்டுக்காரர் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது. அதே சட்டம் தடுக்கிறது, வாடகைக்காரர் வாடகை அதிகாரியிடம் மனுப் போடலாம். பாக்கியை அட்வான்ஸில் கழிக்கலாம். அதற்குக் காலி செய்யும் நாளின் ரீடிங் கையில் வேண்டும். இரண்டு மாதச் சுற்றின் நடுவில் காலி செய்தால் இலவச யூனிட்டை நாள் கணக்கில் பிரியுங்கள்: அறுபது நாளில் இருபது நாள் இருந்தவருக்கு 33 யூனிட் கழித்து மீதிக்கு மட்டும் பணம்.