"உன் ஐபி என்னிடம் இருக்கிறது" என்று யாராவது மிரட்டினால் முதலில் செய்ய வேண்டியது

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் மகன், ஓ.எல். பரீட்சை எழுதப்போகிற பையன், என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனை நீட்டினான். ஒன்லைன் கேமில் யாரோ ஒருவனோடு வாய்த்தகராறு, அவன் அனுப்பிய மெசேஜ் இது: "உன் ஐபி 192.168.1.7. வீட்டு வாசலில் வந்து நிற்பேன்." பையன் இரண்டு நாளாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

ஐபி என்பது நெட்வேர்க்கில் இணையும் கருவிக்குக் கொடுக்கும் முகவரி எண். அவனை மிரட்டியவனுக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிறவை. அதே லேனில் பத்து வீட்டிலாவது 192.168.1.7 இருக்கும், கொட்டாஞ்சேனையிலும் இருக்கும், கனடாவில் மாமா வீட்டிலும் இருக்கும். 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் இதே இனம்தான். இன்டர்நெட்டில் இந்த எண்களைத் தேடி யாரும் எங்கேயும் வந்து சேர முடியாது.

வெள்ளவத்தையில் ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இது லேசாக விளங்கும். வெளியிலிருந்து வரும் பார்சலில் கட்டட இலக்கம்தான் முக்கியம், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஐயாதான் இது மூன்றாம் மாடிக்கு, இது ஐந்தாம் மாடிக்கு என்று பிரித்து அனுப்புவார். உங்கள் வீட்டு ரவுட்டர் அந்தச் செக்யூரிட்டி ஐயா. வெளியே தெரிவது ஒரே ஒரு எண், உள்ளே போன், லெப்டொப், டிவி ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் கொடுத்த உள் எண். இப்படிச் செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் தட்டுப்பாடு. பழைய முறையான ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான், உலகத்தில் இருக்கும் போன்களுக்கே அது காணாது.

சரி, பார்த்துவிடுவோம் என்று அவனுடைய லெப்டொப்பைத் திறந்தோம். நீங்களும் கூடவே செய்து பாருங்கள். விண்டோஸ் என்றால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சிஎம்டி என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடித்தால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஐபிகொன்ஃபிக் என்று இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் இருப்பது உங்கள் உள் எண், டிஃபோல்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் எண். போனில் என்றால் செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் காட்டும். பையனின் லெப்டொப்புக்கு 192.168.1.104, போனுக்கு 192.168.1.102. ஆக, மிரட்டியவன் சொன்ன 7கூடக் குருட்டு அடிதான். அந்த இடத்தில்தான் பையனின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

அடுத்தது வெளி எண். கூகிளில் 'என்னுடைய ஐபி என்ன' என்று ஆங்கிலத்தில் கேட்டால் வரும். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் தெரிவது இந்த எண்தான், தெரியாவிட்டால் பதிலை எங்கே அனுப்புவது? இதை வைத்து இடம் கண்டுபிடிக்கும் தளங்கள் பல இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் போட்டுப் பார்த்தோம், கொழும்பு என்றது. பையன் திரும்பவும் பயந்தான். உடனே வடக்கே வவுனியாவில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு அவருடைய போனிலும் பார்க்கச் சொன்னேன், அதற்கும் கொழும்பு என்றுதான் வந்தது! அந்தத் தளங்களுக்குத் தெரிவது இன்டர்நெட் தரும் எந்த நிறுவனத்தின் எண், அது ஏறத்தாழ எந்த நகரத்தோடு பதிவாகியிருக்கிறது என்பது மட்டும்தான். லேன், வீட்டு இலக்கம் எல்லாம் அதில் கிடையாது.

இன்னொரு விஷயம். பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடித்து அதன் பக்கத்துக்குள் போய், வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க எண்) என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்டதாகத் தொடங்கினால் வெளி எண்கூட உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, நிறுவனம் ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. வீட்டில் கேம் சர்வர் வைக்கிறேன், சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்கிறேன் என்று மணிக்கணக்காக மல்லுக்கட்டிச் சரிவராமல் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்தால் பாதி நேரம் மிச்சம்.

அப்படியானால் ஐபியை வைத்து ஆளைப் பிடிக்கவே முடியாதா? முடியும், ஆனால் அது நிறுவனத்தால் முடியும். இந்த எண் இந்த நேரத்தில் எந்த இணைப்புக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவு அவர்களிடம் இருக்கும், சட்டப்படி கேட்டால் பொலிஸுக்குப் போகும். கேமில் சண்டை பிடிக்கும் பொடியனுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். நிஜமாகவே யாராவது தொடர்ந்து மிரட்டினால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யலாம், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இங்கே இருக்கிறது. அதே சட்டம் உங்களுக்கும் உண்டு, ஆகவே இனிச் சொல்லப்போகும் விளையாட்டுகளைச் சொந்த வீட்டு வைஃபையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஓபிஸில் வேண்டாம்.

முதலில் பிங். கறுப்புப் பெட்டியில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு, ரவுட்டரின் எண்ணைக் கொடுங்கள். "இருக்கிறாயா?" என்று கேட்பது போலத்தான், மறுபக்கம் "இருக்கிறேன்" என்று சொல்ல எடுத்த நேரத்தை மில்லி செக்கனில் காட்டும். நெட் வேலை செய்யவில்லை என்று கஸ்டமர் கேருக்கு எடுத்து அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்பதற்கு முன் இதை வரிசையாகச் செய்யலாம்: ரவுட்டர் பதில் சொல்லாவிட்டால் கோளாறு வீட்டுக்குள், ரவுட்டர் சொல்லி கூகிளின் சர்வரான 8.8.8.8 சொல்லாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வெளி லைனில், 8.8.8.8 சொல்லியும் தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் சொல்லாவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். லண்டனில் இருக்கும் சர்வருக்குப் பிங் போட்டால் எண் ஏன் இவ்வளவு கூடுகிறது என்று பையன் கேட்டான். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 8,700 கிலோமீட்டர், கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், ஆகவே போய் வர எப்படியும் 87 மில்லி செக்கன் வேண்டும். கேபிள் நேராகவும் போவதில்லை. எந்தப் பெக்கேஜ் எடுத்தாலும் இதற்குக் கீழே இறக்க முடியாது.

அடுத்தது மெசேஜ். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விண்டோஸில் நெட் சென்ட் என்று ஒரு கட்டளை இருந்தது, பக்கத்து மேசைக்காரரின் திரையில் "சாப்பாடு வந்துவிட்டது" என்று பெட்டி ஒன்று குதிக்கும். விளம்பரக்காரர்கள் அதே வழியால் இன்டர்நெட்டிலிருந்தும் பெட்டிகளைக் குதிக்க வைக்கத் தொடங்கியதும் தொல்லை தாங்கவில்லை, 2004இல் எக்ஸ்பி சேர்விஸ் பெக் 2 வந்தபோது அதை மூடிவைத்தார்கள், விஸ்டாவில் அடியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது இதற்கு நல்லது இரண்டு கணினிகளை நேரடியாகப் பேசவைக்கும் என்கேட், நெட்வேர்க்கை ஆராயும் என்மெப் என்ற மென்பொருளோடு இலவசமாக வரும்.

இரண்டு லெப்டொப்பிலும் போட்டுக்கொண்டோம். அவன் பக்கத்தில் என்கேட், இடைவெளி, கழித்தல் குறியோடு சின்ன எல், இடைவெளி, 5050 என்று அடித்தான். அதாவது 5050ஆம் வாசலில் காது கொடுத்துக்கொண்டு இரு என்று பொருள். விண்டோஸ் ஃபயர்வோல் அனுமதி கேட்டது, பிரைவேட் நெட்வேர்க்குக்கு மட்டும் ஓம் என்றோம். என் பக்கத்தில் என்கேட், 192.168.1.104, 5050. அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் "பசிக்குது" என்று அடித்து என்டர் தட்டினான், என் திரையில் வந்தது. இடையில் கம்பனியும் இல்லை, கணக்கும் இல்லை, போன் நம்பரும் இல்லை. கஃபே வைஃபையில் இது வேலை செய்யாமல் போகலாம், அங்கே ஒருவர் கருவியை மற்றவர் கருவி தொடாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். அது நல்லதற்குத்தான்.

பிறகு என் லெப்டொப்பில், நெட்வேர்க்கில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டுத் திரும்ப அனுப்பச் சொன்னேன். பெக்கெட்டை, அதாவது அனுப்பிய தகவல் துண்டைத் திறந்து பார்த்தால் "பசிக்குது" அப்படியே, எழுத்துக்கு எழுத்து, போஸ்ட்காட்டில் எழுதியதுபோலக் கிடந்தது. இரண்டு பக்கமும் கட்டளையில் தகவலைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எல் என்ற தெரிவைச் சேர்த்து மறுபடி அனுப்பினோம், இந்தமுறை வயர்ஷார்க்கில் வெறும் குப்பை. இணையத்தள முகவரியில் எச்டிடிபிக்குப் பின்னால் வரும் அந்த எஸ் என்ன செய்கிறது என்று நான் வாயால் சொல்லியிருந்தால் பையன் கொட்டாவி விட்டிருப்பான்.

வட்ஸ்அப் மெசேஜ்கள் 2016 முதல் முழுக்கவே இப்படிப் பூட்டித்தான் போகின்றன. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று, வட்ஸ்அப் கோல் எடுக்கும்போது தரம் நன்றாக இருப்பதற்காக இரண்டு போன்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம், அப்போது உங்கள் வெளி எண் மறுபக்கத்துக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்களோடு பேசவேண்டியவர்கள் செட்டிங்ஸ், பிரைவசி, எட்வான்ஸ்ட் என்று போய் கோலில் ஐபியை மறைக்கும் தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள். தெரியாத லிங்கைத் தொட்டாலும் அந்தச் சர்வர்காரனுக்கு எண் போய்விடும். பிரவுசரின் இன்கொக்னிட்டோ இதில் எதையும் மறைக்காது, அது உங்கள் வீட்டு ஆட்களிடமிருந்து ஹிஸ்டரியை மறைக்க மட்டும்தான்.

நம் போக்குவரத்தை இன்னொருவரின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன்? 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், பிறகு 2022 ஏப்ரலில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இங்கே முடக்கப்பட்டபோது சித்தி உட்பட எல்லோரும் கையில் கிடைத்த இலவச விபிஎன்னைப் போட்டோம். சித்தியின் போனில் அப்படிப் போட்டது ஒன்று இன்னும் கிடந்தது. விபிஎன் போட்டால் தளங்களுக்கு உங்கள் எண் தெரியாது, உண்மை, ஆனால் இதுவரை உங்கள் நிறுவனம் பார்த்த போக்குவரத்தை இனி அந்த விபிஎன்காரன் பார்ப்பான். யார், எங்கே, எப்படிப் பிழைக்கிறான் என்று தெரியாத ஒருவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதைவிட ஒன்றும் இல்லாமல் இருப்பது மேல். அழித்துவிட்டேன்.

கடைசியாக ரவுட்டர். உள்ளே போகும் பாஸ்வேர்ட் எட்மின் என்றே இருந்தது, எதிர்பார்த்ததுதான். வைஃபை பாஸ்வேர்டும் மேல்மாடிக்காரர், ஏசி திருத்த வந்தவர், டியூஷன் பொடியன்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஒன்று. இரண்டையும் நீளமாக மாற்றி ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துச் சித்தி போன் எடுத்தார், டிவியில் நாடகம் வரவில்லையாம். டிவியிலும் புதுப் பாஸ்வேர்டைப் போடவேண்டும் என்பதை நான் மறந்தே போனேன். 18 எழுத்தையும் ரிமோட்டில் அம்புக்குறியால் தேடித் தேடி அடித்தது பையன்தான்.