விறகடுப்பைச் சுற்றி எந்த டைல்ஸ் ஒட்டலாம்?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிற பலரும் பின்கட்டு விறகடுப்பை இடிக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் வைத்தோம். அடுப்பு கட்டும் முறைக்குள் போகவில்லை. சுற்றுச்சுவர் டைல்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. சூளையில் சுட்டதா என்று பாருங்கள்

எங்கள் ஊரில் டைல்ஸ் என்றாலே ஆத்தங்குடிதான். பட்டாலை என்கிற கூடத்தின் தரைக்கு அதைவிட அழகு வேறில்லை. ஆனால் அது கண்ணாடிமேல் வண்ணக்கலவை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. சூளைக்கே போகாது. மஞ்சள் இரும்பு ஆக்சைடு என்ற நிறத்தூள் கலந்த பூ வேலைப்பாடு என்றால் 200 டிகிரி தாண்டியதும் சிவக்கத் தொடங்கும். அதை அடுப்பிலிருந்து தள்ளித் தரையில் போடுங்கள்.

சுவருக்கு என் தேர்வு மேட் போர்சலின், அதாவது பளபளப்பில்லாத பீங்கான் வகை டைல்ஸ். சுமார் 1200 டிகிரியில் சுட்டது. நீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்குள்தான். கடையிலேயே திருப்பிப் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே குடித்துவிட்டால் அது சாதாரணச் சுவர் டைல்ஸ். அதுவும் சுட்டதுதான், ஆனால் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி மேல்பூச்சில் முடிபோல விரிசல் விழலாம். அதில் கரி ஏறினால் தேய்த்தாலும் போகாது.

2. சின்ன அளவு வாங்குங்கள்

பெரிய பலகை டைல்ஸில் கீழ்ப்பாதி சுடும், மேல்பாதி குளிர்ந்திருக்கும். வெடிக்க அதுவே போதும். எட்டு அங்குலச் சதுரம் நல்லது. தீ நேராகப் படும் அடுப்பு வாய்க்குள் எந்த டைல்ஸும் கூடாது, தீச்செங்கல் வையுங்கள். கிரானைட்டும் வேண்டாம்: அதிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும்.

3. ஒட்டும்போது அவசரம் கூடாது

நல்ல டைல்ஸ் வாங்கியும் கழன்று விழுகிறது என்றால் பெரும்பாலும் பின்னால் இருக்கும் பசைதான் காரணம். வாளியில் கலந்தே வரும் பசை சூட்டில் இளகும். சிமென்ட் கலந்த தூள் பசையே சரி. எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று மூட்டையில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கொத்தனார் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்துவார், விடாதீர்கள். பல்கரண்டியால் (ஓரத்தில் பல் வெட்டிய கரண்டி) முழுப்பரப்பிலும் இழுத்துப் பூசச் சொல்லுங்கள். இடையில் காற்று நின்றால் அந்த இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் வேறு மாதிரியும் சூடேறும்.

இணைப்புக்கு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து இடைவெளி விட்டு, அதில் சிமென்ட் கிரவுட் என்ற இடுக்கு நிரப்பும் கலவையை அடையுங்கள். எபாக்சி என்ற பிசின் கிரவுட் சமையல் மேடைக்கு அருமையானது. அடுப்போரம் வேண்டாம், பல வகைகள் 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். அடுப்பு உடம்பும் டைல்ஸும் முட்டக் கூடாது. நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு வெப்பம் தாங்கும் கயிற்றைத் திணியுங்கள். அப்புறம் 28 நாள் பொறுத்துச் சின்னத் தீயாகத் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: பக்கத்தில் பர்மா தேக்கு வாசல்நிலை இருக்கிறது, டைல்ஸ் ஒட்டினால் காப்பாற்றுமா என்று சிலர் கேட்டார்கள். காப்பாற்றாது. டைல்ஸ் சூட்டைத் தாங்கும், தடுக்காது. பின்னால் அப்படியே கடத்திவிடும். மரத்துக்கு முன்னால் ஓர் அங்குலம் விட்டு அரைச்செங்கல் சுவர் எழுப்பி, காற்றுப் போகக் கீழும் மேலும் திறப்பு வையுங்கள். அந்தச் சுவர்மேல் டைல்ஸ் ஒட்டலாம்.