ஊர்க் கிணற்றைப் பாடமாக்குவது எப்படி

தமிழ்நாட்டுக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மாநிலம் முழுவதற்குமான சராசரியாக அது சரிதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவமழையும் இங்கே வடகிழக்குக்கு ஈடாகப் பெய்கிறது. மே மாதக் கோடை மழையும் சேர்ந்துகொள்கிறது. ஆடியில் அப்பா மானாவாரிக் கேழ்வரகு விதைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பாடத்துக்கும் கொல்லைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் பிள்ளைகளே அளந்து அதைக் கண்டுபிடிக்க வைக்கும் வழி இது. ஜூனில் தொடங்கி ஜனவரியில் முடியும். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 30 பிள்ளைகள் வரை சேர்த்துக்கொள்ளலாம்.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழில் வழியாகப் பாடத்தைச் சொல்லித்தர முயன்றது. பள்ளி அறிவை வெளி வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்தின் முதல் நெறி. ஆனாலும் நடைமுறையில் இது ஆண்டுக்கு ஒருமுறை ஒகேனக்கல் சுற்றுலாவாகச் சுருங்கிவிடுகிறது. ஒருமுறை போய் வந்தால் வேடிக்கை பார்த்த நினைவு மட்டுமே மிஞ்சும். ஒரே கிணற்றுக்குப் பதினைந்து முறை போனால்தான் மாற்றம் கண்ணில் படும். பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவுக்குள் இருக்கும் இடங்களையே தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் தூரமானால் மூன்றாவது வாரமே பயணம் நின்றுவிடும்.

மூன்று திறந்த கிணறுகள் தேவை: ஏரிக்கரைக்குக் கீழே ஒன்று, மேட்டு நிலத்தில் ஒன்று, ஓடைக்குப் பக்கத்தில் ஒன்று. நீர் மாதிரி எடுப்பதற்காக மட்டும் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) அல்லது அடிபம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. மற்ற எல்லாம் பொருந்தி வந்தாலும் அவை வேண்டாம். சுவர் இருந்தாலும் இரண்டு மீட்டர் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிள்ளைகளை அதற்கு வெளியே நிறுத்துங்கள். கயிறு விடுவது ஆசிரியர் மட்டுமே. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கூட வர வேண்டும். உள்சுவரில் தேன்கூடு இருக்கிறதா என்று முதல் நாளே தனியாகப் போய்ப் பாருங்கள். நிலத்துக்காரர், பெற்றோர், தலைமையாசிரியர் மூவரிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுங்கள்.

மழையை அளக்க இரண்டு லிட்டர் பாட்டில் போதும். மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புனலாகத் தலைகீழாய்ச் செருகுங்கள். குளிர்பான பாட்டிலின் அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் அளவுகோலை ஒட்டி உயரம் பார்த்தால் கணக்கு தவறும். பிடித்த நீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் மி.லி. கணக்கில் அளப்பதே நல்லது. வாய் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. வரும், 1 மி.மீ. மழைக்கு 7.85 மி.லி. நீர் சேரும். ஆக 50 மி.லி. கிடைத்தால் பெய்தது ஏறக்குறைய 6.4 மி.மீ. வட்டத்தின் பரப்பளவைச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். ஆடு தட்டிவிடாதபடி மூன்று செங்கல்லுக்கு நடுவே இறுக்குங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளிக்கு அருகே வீடுள்ள இருவரைப் பொறுப்பாக்குங்கள். அதிகம் நடக்கும் தவறு, பார்க்காத நாளுக்கும் 0 என்று எழுதுவது. மழை இல்லாத நாளுக்குத்தான் 0. பார்க்காத நாளுக்குக் கோடு. இந்த வேறுபாடு பிள்ளைகள் மனதில் பதியும்வரை விடாதீர்கள். நேர்மையான பதிவு என்பதன் பொருளை அவர்கள் முதலில் கற்பது இங்கேதான்.

கிணற்றை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், மோட்டார் போடுவதற்கு முன் காலையில் அளக்க வேண்டும். இறைத்த பின் அளந்தால் கிடைப்பது மோட்டாரின் கணக்கு. நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி, நுனியில் கனமான போல்ட் ஒன்றைத் தொங்கவிடுங்கள். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் நீளம் மாறும், அது உதவாது. சுவரில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அங்கிருந்தே இறக்குங்கள். போல்ட் நீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றைப் பிடித்து வெளியே எடுத்து டேப்பால் அளக்கலாம்.

அளப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் “போன வாரத்தைவிட ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா, ஏன்?” என்ற கேள்விக்குப் பதிலை நோட்டில் எழுதிவிட வேண்டும். இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊகம் எழுதாத பிள்ளைக்கு அளவு வெறும் எண்; எழுதியவருக்கு அது பதில். முதல் மழைக்குப் பிறகு பெரும்பாலோர் “ஏறியிருக்கும்” என்பார்கள். பெரும்பாலும் ஏறியிருக்காது, காய்ந்த மண்ணே அந்த நீரைக் குடித்துவிடும். அந்த ஏமாற்றத்தின்போது விடையைச் சொல்லிவிடாமல், மூன்று கிணறுகளின் எண்களையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு விலகி நில்லுங்கள். ஏரியில் நீர் சேர்ந்த பிறகு கரைக்குக் கீழே உள்ள கிணறு எப்படி மாறுகிறது என்பதை அவர்களே கவனிப்பார்கள்.

வரைபடம் போடும்போது ஒரு சிக்கல் வரும். நீர் ஆழத்துக்குப் போகப் போக எண் பெரிதாவதால், கோடு மேலே ஏறி, கிணறு நிரம்புவதுபோல் தெரியும். 0 மேலே வரும்படி அச்சைத் திருப்பி வரையச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்தைப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில் நீர் எத்தனை ஆள் ஆழத்தில் இருந்தது, எந்த ஆண்டு வற்றியது, எப்போது போர் போட்டார்கள் என்று பாட்டி தாத்தாக்களைப் பேச விடுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சுமொழி. நோட்டில் வீட்டுச் சொல்லுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். அந்த இரு மொழிகளிலும் கிணற்றைக் குறிக்கும் ‘பாவி’, நம் செய்யுளில் வரும் ‘வாவி’க்கு உறவு.

அக்டோபருக்குப் பிறகுதான் ஃபுளோரைடு சோதனை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது பெரிய பிரச்சினை. 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பும் இருக்கிறது. பாறை இடுக்கில் நீர் நீண்டகாலம் தங்கும்போது கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. ஊராட்சியில் பரிசோதனைப் பெட்டி இருந்தால் இரவல் கேளுங்கள். அடிபம்பைச் சில நிமிடம் அடித்துவிட்டு, அதே நீரால் மூன்றுமுறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடியோடு ஃபுளோரைடு வினைபுரியும் என்பதால் கண்ணாடி பாட்டில் கூடாது. மருந்துத் துளியை ஆசிரியர் விடட்டும். நிறத்தைப் பிள்ளைகள் ஒப்பிடட்டும்.

யாருடைய பல்லையும் வகுப்பில் காட்டச் சொல்லாதீர்கள். பல்லின் கறை அது ஈறுக்குள் உருவான காலத்தில் குடித்த நீரின் தடம். சரியாகத் துலக்காததால் வருவது இல்லை. இதைப் பொதுவாகச் சொன்னாலே சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அளவு கூடுதலாக வந்தால் முதலில் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் உறுதிசெய்யுங்கள். அடுத்து நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள். அதன் பிறகே ஜனவரி 26 கிராம சபையில் பிள்ளைகள் வரைபடத்தை வைக்கட்டும். அங்கே கிணறுகள் அ, ஆ, இ என்று எழுத்தால் மட்டும் குறிக்கப்படட்டும். நோட்டு, கயிறு, பெயிண்ட் புள்ளி மூன்றையும் அடுத்த ஜூனில் வரும் வகுப்புக்கு அப்படியே ஒப்படையுங்கள். கயிற்றை மாற்ற நேர்ந்தால், பழையதையும் புதியதையும் ஒரே நாளில் இறக்கி, வித்தியாசத்தை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.