டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸ்: ஒட்டும்போது செய்யக்கூடாதவை

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் கேஸ் (கிராங்க் தண்டு சுற்றும், இரண்டு பாதிகளை ஒட்டிச் சேர்க்கும் அலுமினியக் கூடு) சரியாகச் சேரவில்லை என்றால், வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டும். தரை அழுக்காகும், வீட்டில் திட்டு விழும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கோளாறு பெரும்பாலும் கண்ணில் படாது. ஆயில் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும்.

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 98 சிசி. 1996-லேயே உற்பத்தி நின்றுவிட்டாலும் இன்றும் பட்டறைகளில் பிரித்து மாட்டப்படும் என்ஜின் இது. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் அறை, பெட்ரோலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக்குக்கான ஆயில்) கலந்த காற்றை ரீட் வால்வு என்ற ஒருவழித் தகடு வழியாக இழுக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அதையே அழுத்தி மேலே அனுப்புகிறது. நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் விநாடிக்கு 125 முறை. ஆக, அந்த அறை ஒரு பம்பு. பம்பில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட, கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்றும் உள்ளே சேர்ந்துவிடும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நான் முதன்முதலில் பிரித்து மாட்டிய என்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்க அரை நிமிடம் ஆனது. காற்று புகுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஆனால் நான் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தேன். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டரை) கழற்றியபோது பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுநீளக் கீறல்கள். குற்றவாளி வேறு யாருமில்லை, நான் தாராளமாகப் பிதுக்கிய சிலிக்கான் பசை.

பசையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கேஸைப் பிரிக்கும்போதே பாதி பேர் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே திருப்புளியைச் செருகி நெம்புவது எல்லோருக்கும் வரும் சபலம். அலுமினியம் மிருதுவானது, ஒரு நெம்பலில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை எந்தப் பசையும் நீண்ட நாள் அடைத்து நிற்காது. பிரிக்கும் கருவி, பொறுமை, கொட்டாப்புளியால் மெல்லிய தட்டல் இவை போதும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்று பொருள். கழற்றிய ஸ்க்ரூக்களை ஓர் அட்டையில் கேஸின் வடிவம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால், கேஸ் இறுகாமலே இறுகியதுபோல் கைக்குத் தோன்றும். இன்னும் அழுத்தினால் துளையின் அடி உடையும்.

அடுத்தது சுத்தம் செய்வது. பழைய பசையை உப்புத்தாளால் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விரல் அழுத்தும் இடத்தில் முகம் (பாதிகள் ஒட்டும் பரப்பு) குழியும், ஓரங்கள் உருளும். தின்னரில் ஊறவைத்து, பிளாஸ்டிக் துண்டாலோ மரச் சில்லாலோ சுரண்டினால் நேரமாகும், ஆனால் வந்துவிடும். பிறகு கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்துப் பாருங்கள். கேஸ் ஆடினால் முகம் சமமாக இல்லை. பசையின் வேலை கண்ணுக்குத் தெரியாத கீறல்களை நிரப்புவது மட்டுமே. காற்றை உண்மையில் நிறுத்துவது இரண்டு உலோக முகங்கள்தான்.

இந்த என்ஜினில் பாதிகளுக்கு நடுவே பேக்கிங் கிடையாது, பசை மட்டுமே. அதனால் ‘பாதுகாப்புக்கு’ ஒரு காகிதப் பேக்கிங் வெட்டிப் போடுவது தவறு. காகிதத்தின் தடிமன் அளவுக்குக் கிராங்கும் கியர் தண்டுகளும் பக்கவாட்டில் கூடுதலாக ஆடும். வெஸ்பா வகை என்ஜின்களில் நேர்மாறு: அங்கே பேக்கிங் உண்டு, அதை விட்டுவிட்டுப் பசையால் சமாளிக்கக் கூடாது.

இனி பசை. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சிலிக்கான் என்று வாங்காதீர்கள். பெட்ரோல் பட்டால் சாதாரண சிலிக்கான் உப்பிக் குழையும். அளவுக்கு மீறி வைத்தால் உட்புறம் சேமியாபோல் பிதுங்கி, பிய்ந்து, பேரிங்குக்கு ஆயில் போகும் துளையை அடைக்கும். பெட்ரோல் தாங்கும், முழுதாகக் கெட்டிப்படாத கேஸ் பசையையே கேளுங்கள். ஒரு முகத்தில் மட்டும், அடியிலுள்ள உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய படலம் போதும். குழாய் உறையில் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து பிறகு சேருங்கள். கிராங்க் அறைக்கும் கியர் அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் பசை தடவ மறப்பவர்கள் உண்டு. அந்த வழியாகக் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை வரும். ஆயில் சீலை (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) மூன்று முறை மாற்றியும் புகை நிற்காது.

சேர்க்கும்போது கேஸ் கடைசி சில மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் ஸ்க்ரூவை முறுக்கி இழுக்காதீர்கள். கிராங்கின் நுனியில் சுத்தியலால் அடிப்பது அதைவிட மோசம். சிறிய டூ ஸ்ட்ரோக் கிராங்க், துண்டுகளை அழுத்திக் கோத்துச் செய்தது. அடி விழுந்தால் கோட்டம் வரும். கோணிய தண்டு சுற்றச் சுற்ற ஆயில் சீலின் உதடு தேய்ந்து, புதிய சீலும் காற்றை விடும். கேஸைச் சூடாக்குங்கள். தண்ணீர்த் துளி பட்டவுடன் சுண்டும் அளவு போதும், ஏறக்குறைய 100 டிகிரி. எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் பேரிங் தானாக இறங்கும். ஆனால் சூடாறும் வரை பசை தடவ முடியாது. ஆகவே பேரிங்குகளைச் சூட்டில் முன்கூட்டியே இறக்கிவிட்டு, கேஸ் ஆறிய பிறகு பசை தடவி, கருவியால் கிராங்கை இழுத்துச் சேர்ப்பதே நடைமுறை. ஸ்க்ரூக்களை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். கிராங்கைக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

பிளாக் உட்காரும் இடத்தையும் பாருங்கள். இரு பாதிகளும் சந்திக்கும் அந்தக் கோட்டில் பசை மேடு இருந்தாலோ, ஒரு பாதி நூலளவு உயர்ந்திருந்தாலோ, அடிப் பேக்கிங் அங்கே கசியும்.

வண்டியில் ஏற்றுமுன் அழுத்தச் சோதனை செய்யாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. செலவும் அதிகமில்லை: ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பந்தும் முள்ளும் போதும். பிளாக்கைப் பூட்டி, பிளக்கை மாட்டி, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ட்யூப் ரப்பர் வைத்து அடையுங்கள். பிஸ்டனைக் கீழே நிறுத்தி, முள் 300 மிமீ (பாதரச அளவு) காட்டும் வரை காற்று ஏற்றுங்கள். அது 6 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவு. கம்ப்ரஸர் வேண்டாம், சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும். 6 நிமிடம் முள் நின்றால் வேலை முடிந்தது. இறங்கினால் இணைப்பிலும் மேக்னட் பக்கச் சீலிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழியைத் தேடுங்கள். எங்கும் குமிழி இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், கியர் அறையின் மூச்சுக்குழாயில் ஒரு ட்யூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்க் குவளையில் வையுங்கள். அங்கே குமிழி வந்தால் முதலில் கிளட்ச் பக்கச் சீலைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் நடுச்சுவர் ஒட்டவில்லை; மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.